முதலில் உங்கள் பங்கு எது என்று பாருங்கள்: கொழும்பில் திருவருட்சாதனங்கள் பெறுவது எப்படி

கத்தோலிக்கத் திருச்சபையின் புனிதச் சடங்குகளான திருவருட்சாதனங்கள் ஏழு என்று மறைப்பள்ளியில், அதாவது ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில், எல்லோரும் பாடமாக்கியதுதான். திருமுழுக்கு, உறுதிபூசுதல், நற்கருணை, ஒப்புரவு (பாவசங்கீர்த்தனம்), நோயில்பூசுதல், குருத்துவம், திருமணம் என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவோம். ஆனால் பிள்ளை பிறந்துவிட்டது, தங்கைக்குக் கலியாணம் சரிவந்துவிட்டது, அப்பாவை ஐசியுவில் வைத்திருக்கிறார்கள் என்று வரும்போது யாரிடம் போவது, என்ன கடதாசி கொண்டுபோவது, எத்தனை நாளைக்கு முன்னால் சொல்லுவது என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. ஆகவே இதில் இறையியல் கொஞ்சம்தான், மற்றதெல்லாம் நடைமுறை.

கொழும்பில் இருக்கிற தமிழ்க் கத்தோலிக்கருக்கு ஒரு பழக்கம் உண்டு. செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போவோம், ஞாயிறு எந்தக் கோவிலில் தமிழ்ப் பூசை நமக்கு வசதியான நேரத்தில் இருக்கிறதோ அங்கே போவோம், பெரிய வெள்ளிக்கு கொட்டாஞ்சேனை புனித லூசியா பேராலயம், மாமி வீட்டுக்குப் போனால் அவர்களுடைய கோவில். பக்தியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் "நீங்கள் எந்தப் பங்கு?" என்று யாராவது கேட்டால் முழிப்போம். திருவருட்சாதனம் என்று போனால் பங்குமனையில், அதாவது பாதர் இருக்கிற வீட்டில், கேட்கிற முதல் கேள்வியே அதுதான்.

பங்கு நாம் விரும்பித் தெரிவது அல்ல. நாம் குடியிருக்கிற வீடு எந்தக் கோவிலின் எல்லைக்குள் வருகிறதோ அதுதான் நம் பங்கு, அங்கே பூசை சிங்களத்தில்தான் நடக்கிறது என்றாலும்கூட. திருச்சபைச் சட்டப்படி ஓரிடத்தில் நிரந்தரமாக இருக்கிற எண்ணத்தோடு வந்தாலோ, ஐந்து வருடம் இருந்துவிட்டாலோ அங்கே உங்களுக்கு நிலையான வதிவிடம். அது மட்டுமில்லை, மூன்று மாதம் இருக்கிற எண்ணத்தோடு வந்தாலே போதும், அந்தப் பங்குத்தந்தை உங்களுக்கும் பங்குத்தந்தைதான். மன்னாரிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்து வெள்ளவத்தையில் போடிங்கில் இருந்து படிக்கிற, வேலை செய்கிற பிள்ளைகள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. "எனக்கு ஊரில்தான் பங்கு, இங்கே யாரும் இல்லை" என்று இருக்கத் தேவையில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஒரு ஞாயிறு பூசை முடிந்த பிறகு பாதரைப் பிடித்து, இன்ன தெருவில் இருக்கிறோம், குடும்பத்தில் இத்தனை பேர் என்று சொல்லி, குடும்பப் பதிவேட்டில் பெயர் எழுதுவிக்க வேண்டும். ஒரு தேவையும் இல்லாத நேரத்தில் இதைச் செய்யுங்கள். கலியாணத்துக்குக் கடிதம் கேட்டுக்கொண்டு முதல் தடவையாக வாசலில் போய் நிற்கிற ஆளை எந்தப் பாதரும் கொஞ்சம் ஒருமாதிரித்தான் பார்ப்பார், அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. கத்தோலிக்கப் பாடசாலைகளும் முதலாம் ஆண்டு அனுமதிக்குத் திருமுழுக்குச் சான்றிதழும் பங்குத்தந்தையின் கடிதமும் கேட்கும் என்பதால், பிள்ளைக்கு நாலு வயதாகும்போது திடீரென்று பக்தி பொங்குகிற பெற்றோரைப் பாதர்மார் வருடா வருடம் பார்க்கிறார்கள்.

திருமுழுக்கு

குழந்தை பிறந்து முதல் சில கிழமைகளுக்குள் திருமுழுக்குக் கொடுக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். நம்மிடையே 31 நாள் கழியட்டும், துடக்குக் கழியட்டும் என்று காத்திருப்பார்கள். அது நம் ஊர் வழக்கம், திருச்சபை அப்படி ஒன்றும் கேட்கவில்லை. அதற்காக அம்மம்மாவோடு சண்டை பிடிக்கவும் தேவையில்லை, ஒரு மாதம் பிந்துவதால் எதுவும் கெட்டுப்போகாது. கனடாவிலிருந்து பெரியப்பா வரட்டும் என்று இரண்டு வருடம் இழுப்பதுதான் சரியில்லை.

பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் திருமணச் சான்றிதழ், பிள்ளையின் விசுவாச வாழ்வுக்குத் துணைநிற்கிற ஞானப்பெற்றோரின் விபரம் ஆகியவற்றைக் கொண்டு பங்குமனைக்குப் போங்கள். பெற்றோருக்கும் ஞானப்பெற்றோருக்கும் ஒரு ஆயத்த வகுப்பு இருக்கும், அதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும். பெயர் புனிதரின் பெயராகத்தான் இருக்க வேண்டும் என்று இப்போது கட்டாயம் இல்லை, கிறிஸ்தவ உணர்வுக்கு முரணாக இல்லாவிட்டால் போதும். எண்சாத்திரம் பார்த்து வைத்த பெயரைப் பதியலாமா என்று கேட்டால், பாதர் சிரித்துவிட்டு எழுதிக்கொள்ளக்கூடும்.

சிக்கல் வருவது ஞானப்பெற்றோரில். ஒருவர் போதும். இரண்டு பேர் என்றால் ஒரு ஆண், ஒரு பெண். 16 வயது நிரம்பியிருக்க வேண்டும், கத்தோலிக்கராக இருக்க வேண்டும், உறுதிபூசுதலும் நற்கருணையும் பெற்றிருக்க வேண்டும், அந்த விசுவாசத்துக்கு ஏற்றபடி வாழ்கிறவராக இருக்க வேண்டும், பிள்ளையின் அப்பாவோ அம்மாவோ ஆக முடியாது. ஆகவே சைவக்காரரான தாய்மாமன் பிள்ளையில் எவ்வளவு உயிராக இருந்தாலும் ஞானத்தகப்பன் ஆக முடியாது. அங்கிலிக்கன், மெதடிஸ்த போன்ற வேறு கிறிஸ்தவ சபை நண்பர் என்றால் ஒரு கத்தோலிக்க ஞானப்பெற்றோரோடு சேர்ந்து சாட்சியாக நிற்கலாம். மாமா ரொறன்ரோவில் இருந்தால் வீடியோ கோலில் ஞானத்தகப்பன் ஆவது சரிவராது. அவருக்குப் பதிலாக ஒருவர் இங்கே நேரில் நிற்க வேண்டும், அதைப் பாதரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும், மாமாவின் பங்கிலிருந்து ஒரு கடிதமும் எடுத்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் முதல் பார்வைக்குப் போதும், மூலப்பிரதி பிறகு கேட்பார்கள்.

அன்றைக்கு என்ன நடக்கும் என்று தெரிந்தால் பதற்றம் குறையும். வாசலில் பாதர் பிள்ளையின் பெயரைக் கேட்பார், நெற்றியில் சிலுவை வரைவார், பெற்றோரையும் ஞானப்பெற்றோரையும் வரையச் சொல்லுவார். நெஞ்சில் ஒரு எண்ணெய், பிறகு தலையில் மூன்று தடவை தண்ணீர், பிறகு உச்சியில் கிறிஸ்மா தைலம் என்கிற புனித எண்ணெய், வெள்ளை உடுப்பு, பாஸ்கா (உயிர்ப்புப் பெருவிழா) திரியிலிருந்து கொளுத்திய மெழுகுதிரி. தண்ணீர் ஊற்றும்போது பிள்ளையின் முகத்தை மேலே பார்க்கிற மாதிரிப் பிடித்து, தலையைக் கொஞ்சம் தொட்டிப் பக்கமாகச் சரித்தால் காதுக்குள் போகாது. படம் பிடிக்கிறவர் தொட்டிக்கும் பாதருக்கும் நடுவே நிற்கக் கூடாது என்பதை வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள்.

ஒரு விசயம் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். குழந்தை பிழைக்குமோ தெரியாது என்ற நிலையில் பாதர் வர நேரம் இல்லையென்றால் யாரும் திருமுழுக்குக் கொடுக்கலாம், தாதியும் கொடுக்கலாம், கத்தோலிக்கர் அல்லாதவர்கூடக் கொடுக்கலாம். திருச்சபை செய்வதைச் செய்கிறேன் என்ற எண்ணத்தோடு, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, பெயரைச் சொல்லி, "தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்குக் கொடுக்கிறேன்" என்று சொன்னால் அது முழுமையான திருமுழுக்குத்தான். "நான்" என்றுதான் சொல்ல வேண்டும். "நாங்கள்" என்று சொல்லிக் கொடுத்தால் செல்லாது என்று வத்திக்கான் 2020இல் தெளிவாகவே அறிவித்தது. பிறகு பங்குத்தந்தையிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பிள்ளை தேறிய பிறகு மீதிச் சடங்கைக் கோவிலில் செய்வார்கள், தண்ணீர் மறுபடி ஊற்ற மாட்டார்கள்.

வளர்ந்தவர்கள் சேர விரும்பினால் அது வேறு வழி. மாதக்கணக்கில் வகுப்பு இருக்கும், பெரும்பாலும் பாஸ்கா இரவில் திருமுழுக்கு, உறுதிபூசுதல், நற்கருணை மூன்றையும் ஒன்றாகப் பெறுவார்கள். தண்ணீராலும் மூவொரு கடவுளின் பெயராலும் வேறு சபையில் திருமுழுக்குப் பெற்றவராக இருந்தால் இரண்டாம் தடவை கொடுப்பதில்லை, அந்தச் சபையின் சான்றிதழைக் கொண்டு வந்தால் போதும்.

பாவசங்கீர்த்தனமும் நற்கருணையும்

முதல் நன்மைக்கு, அதாவது முதல் தடவை நற்கருணை பெற, ஏறக்குறைய ஏழு வயது. பிள்ளைக்குச் சாதாரண அப்பத்துக்கும் கிறிஸ்துவின் உடலாகிய நற்கருணைக்கும் வித்தியாசம் தெரிகிற வயது என்று 1910இல் பத்தாம் பத்திநாதர் வைத்த கணக்கு அது, அதற்கு முன்னால் பத்து, பன்னிரண்டு வயது மட்டும் காத்திருந்தார்கள். இங்கே மறைப்பள்ளியில் ஒழுங்காக வருகிற பிள்ளைக்குத்தான் பெயர் எழுதுவார்கள். ரியூஷன் இருக்கிறது, நீச்சல் வகுப்பு இருக்கிறது என்று ஞாயிறு காலையை விட்டுவிட்டு, கடைசி மாதத்தில் போய்ச் சேர்க்கச் சொல்லிக் கெஞ்சுவது பாதருக்கும் கஷ்டம், ஆசிரியைக்கும் கஷ்டம்.

முதல் நன்மைக்கு முன்னால் முதல் பாவசங்கீர்த்தனம். பிள்ளைகளுக்கு அது சுலபம், பெரியவர்களுக்குத்தான் பயம். பத்து வருடம் போகாமல் விட்டவர்கள் கொழும்பில் நிறையப் பேர், மறந்துபோய்விட்டது என்ற வெட்கத்திலேயே இன்னும் பிந்துவார்கள். செய்முறை இதுதான். வரிசையில் நிற்கும்போதே உங்கள் மனதை ஒருதடவை பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே முழந்தாளிட்டு, "பாதர், என்னை ஆசீர்வதியுங்கள், நான் பாவி. கடைசியாகப் பாவசங்கீர்த்தனம் செய்து இவ்வளவு காலம்" என்று தொடங்குங்கள். கனமான பாவங்களை என்ன, ஏறக்குறைய எத்தனை தடவை என்று சொல்ல வேண்டும். கதை வேண்டாம், மற்றவர் பெயர் வேண்டாம், முக்கியமாக மாமியார் செய்த பாவங்கள் வேண்டாம். முடிந்ததும் அவர் இரண்டு வார்த்தை புத்தி சொல்லுவார், ஒரு தண்டனைச் செபம் தருவார், மனத்துயர் செபம் சொல்லச் சொல்லுவார். அம்மம்மா காலத்து உத்தம மனஸ்தாப மந்திரம்தான் ஞாபகம் இருக்கிறது என்றால் அதையே சொல்லுங்கள். ஒன்றுமே ஞாபகம் இல்லையென்றால் "பாதர், மறந்துபோச்சு, உதவி செய்யுங்கள்" என்று சொன்னால் போதும், யாரும் கடிக்க மாட்டார்கள். பிறகு பாவமன்னிப்பு. தண்டனைச் செபத்தை வெளியே வந்த உடனே முடித்துவிடுங்கள், வீட்டுக்குப் போனால் மறக்கும்.

உள்ளே சொன்னதைப் பாதர் வெளியே சொன்னால் அவருக்கே திருச்சபையில் ஆகப்பெரிய தண்டனை, புறநீக்கம். பொலிஸ் கேட்டாலும் சொல்ல முடியாது. பாதருக்குத் தமிழ் தெரியாது என்பதும் ஒரு சாட்டு இல்லை. தெரிந்த சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ சொல்லலாம், சட்டம் மொழிபெயர்க்க ஒருவரை வைத்துக்கொள்ளவும் அனுமதிக்கிறது, அவரும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். ஆனால் தமிழ்ப் பாதர் இருக்கிற கோவிலுக்கு ஒருநாள் போய்விட்டு வருவது அதைவிட லேசு. இதற்கு மட்டும் எந்தப் பங்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். போனில் பாவசங்கீர்த்தனம் கிடையாது. தவக்காலக் கடைசிக் கிழமையில் வரிசை வாசல் மட்டும் நிற்கும், ஆகவே சாதாரணமான ஒரு சனிக்கிழமை பின்னேரம் போவது புத்தி.

நற்கருணை வாங்குவதற்கு ஒரு மணித்தியாலம் முன்னால் இருந்து சாப்பிடாமல் இருக்க வேண்டும், தண்ணீரும் மருந்தும் பரவாயில்லை. வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் அந்த ஒரு மணித்தியாலமும் கட்டாயமில்லை, ஆகவே சீனி வருத்தம் உள்ள அப்பாவைப் பட்டினி போட்டுக் கூட்டிக்கொண்டு வராதீர்கள். கனமான பாவம் இருந்தால் முதலில் பாவசங்கீர்த்தனம். கத்தோலிக்கர் வருடத்துக்கு ஒரு தடவையாவது, அதுவும் பாஸ்கா காலத்தில், நற்கருணை பெறக் கடமைப்பட்டவர்கள்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் தடுமாறுகிற இடம் இது. லண்டனிலும் ரொறன்ரோவிலும் கையை நீட்டிப் பழகியிருப்பார்கள். கொழும்பு உயர்மறைமாவட்டத்தில் 2009இல் பேராயர் மல்கம் ரஞ்சித் ஆண்டகை, முழந்தாளிட்டு நாவில்தான் பெற வேண்டும் என்று அறிவுறுத்தினார். ஆகவே வரிசையில் முன்னால் போகிறவரைப் பார்த்து அப்படியே செய்யுங்கள். முழந்தாளிட்டு, தலையைக் கொஞ்சம் நிமிர்த்தி, "கிறிஸ்துவின் உடல்" என்றதும் "ஆமென்" என்று கேட்கும்படி சொல்லி, வாயை நன்றாகத் திறந்து நாவைக் கீழுதட்டுக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். பாதி திறந்த வாய்க்குள் வைக்க முயலும்போதுதான் அப்பம் விழப் பார்க்கும். பூசை உதவி செய்கிற பிள்ளை தாடைக்குக் கீழே தட்டைப் பிடித்திருக்கும், அதைத் தட்டிவிடாமல் எழும்புங்கள். முழங்கால் வருத்தம் என்றால் நின்றபடி வாங்கலாம், யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

கலியாண வீட்டிலும் செத்தவீட்டுப் பூசையிலும் சைவச் சொந்தக்காரர்கள், கூட வேலை செய்கிறவர்கள் எல்லாம் கோவிலில் பிரசாதம் வாங்குவது போல மரியாதைக்காக வரிசையில் வந்துவிடுவார்கள். குற்றம் அவர்களில் இல்லை, கூட்டிக்கொண்டு வந்த நாம்தான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். "இந்த நேரம் நீங்கள் கதிரையிலேயே இருங்கோ, நான் போயிட்டு வாறன்" என்று மெதுவாகச் சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

உறுதிபூசுதல் பற்றிக் கனக்கச் சொல்ல இல்லை. பதின்ம வயதில், மறைப்பள்ளி வழியாக, வழக்கமாக ஆயர் ஒருவர் பங்குக்கு வந்து நெற்றியில் கிறிஸ்மா தைலம் பூசிக் கொடுப்பார். ஞானத்தாயோ ஞானத்தகப்பனோ பின்னால் நின்று வலது கையைத் தோளில் வைப்பார். திருமுழுக்கின்போது நின்றவரே இதற்கும் நிற்பது நல்லது என்று திருச்சபை சொல்கிறது. சின்ன வயதில் இடம்பெயர்ந்து, பாடசாலை மாறி, இதைத் தவறவிட்டவர்கள் பலர் உண்டு. வெட்கப்படாமல் பாதரிடம் சொல்லுங்கள், பெரியவர்களுக்கும் ஒழுங்கு செய்வார்கள். பிறகு ஞானப்பெற்றோராக நிற்கவும் கலியாணத்துக்கும் அந்தச் சான்றிதழைத் தேடத்தான் போகிறீர்கள்.

கலியாணம்

ஹோல் புக் பண்ணி, படப்பிடிப்புக்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்து, அழைப்பிதழும் அச்சடித்துவிட்டுக் கடைசியில் பாதரிடம் போகிற ஒழுங்கைத் தலைகீழாக்குங்கள். ஆறு மாதம் முன்னதாகவே பங்குத்தந்தையைச் சந்தியுங்கள். பெரிய வெள்ளியிலும் பெரிய சனியிலும் திருமணம் அறவே கிடையாது, தவக்காலம் முழுக்கவே பங்குகள் பொதுவாகத் தவிர்க்கும். அந்த நாட்காட்டியைப் பார்க்காமல் ஹோலுக்குக் காசு கட்டாதீர்கள். பெண்ணோ மாப்பிள்ளையோ இருக்கிற பங்கில்தான் வைக்க வேண்டும், வேறு பெரிய கோவிலில் வைக்க ஆசை என்றால் சொந்தப் பங்குத்தந்தையின் அனுமதிக் கடிதம் வேண்டும்.

முக்கியமான கடதாசி திருமுழுக்குச் சான்றிதழ். லமினேட் பண்ணி அலுமாரிக்குள் வைத்திருக்கிற பழையது உதவாது, கடந்த ஆறு மாதத்துக்குள் எடுத்தது வேண்டும். ஏன் என்று தெரிந்தால் எரிச்சல் வராது. நீங்கள் திருமுழுக்குப் பெற்ற பங்கில் உள்ள அந்தப் பதிவேட்டில், உங்கள் பெயருக்குப் பக்கத்தில் உள்ள வெற்றிடத்தில், பிறகு எப்போது எங்கே உறுதிபூசுதல் பெற்றீர்கள், யாரைக் கலியாணம் கட்டினீர்கள், குருவானீர்களா என்பதெல்லாம் குறிக்கப்படும். உலகத்தில் எங்கே கட்டினாலும் அந்தக் கோவில் திரும்ப இந்தப் பங்குக்கு அறிவிக்க வேண்டும். ஆகவே புதிதாக எடுத்த சான்றிதழில் ஒரு குறிப்பும் இல்லையென்றால் நீங்கள் கட்டாதவர் என்பதற்கு அது ஆதாரம். ஊருக்கு எழுதி எடுக்கும்போது முழுப்பெயர், பிறந்த திகதி, பெற்றோர் பெயர், தெரிந்தால் திருமுழுக்குத் திகதி எல்லாம் கொடுங்கள். வீட்டுப்பெயர் ஒன்று, பதிவுப்பெயர் ஒன்று, அடையாள அட்டையில் இன்னொன்று என்று இருப்பதால்தான் பாதி நேரம் தேடியும் கிடைப்பதில்லை.

யுத்தத்தில் பதிவேடே அழிந்துபோன பங்குகளும் உண்டு. அதற்காகத் திருமுழுக்கு இல்லாதவர் ஆகிவிட மாட்டீர்கள். திருச்சபைச் சட்டத்தின் 876ஆம் இலக்கம் சொல்வது, யாருக்கும் பாதகம் இல்லாத இடத்தில் நம்பத்தகுந்த ஒரே ஒரு சாட்சியின் வாக்குமூலம் போதும் என்று. ஞானத்தாய் எங்கே இருந்தாலும் கண்டுபிடியுங்கள், அந்த நாளில் எடுத்த படம் இருந்தால் அதையும் கொண்டுபோங்கள். அவர் உயிரோடு, ஞாபகத்தோடு இருக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்வது புத்தி.

மற்றவை அவ்வளவு கஷ்டமில்லை. உறுதிபூசுதல் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, பிறப்புச் சான்றிதழ், திருமண ஆயத்த வகுப்புக்குப் போன சான்றிதழ். அந்த வகுப்பை இருவரும் சேர்ந்து செய்யுங்கள். ஒருவர் டுபாயில், மற்றவர் தெகிவளையில் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், அங்கே செய்ததை இங்கே ஏற்பார்கள். பிறகு இரு பங்கிலும் ஞாயிறு பூசைகளில் ஓலை (திருமண அறிவித்தல்) வாசிப்பார்கள், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்ல வேண்டும். பாதர் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டும் கேட்பார். வற்புறுத்தலா, முன்பு கட்டியவரா என்றெல்லாம் கேட்பது உங்களை அவமதிக்க இல்லை, எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான்.

கொழும்புத் தமிழரில் சைவக்காரரும் கத்தோலிக்கரும் கட்டுவது சர்வசாதாரணம். அதற்கு வழி இருக்கிறது, மதம் மாறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. திருமுழுக்குப் பெறாதவரைக் கட்ட ஆயரின் விதிவிலக்கு வேண்டும், அது இல்லாமல் கட்டினால் திருமணம் செல்லாது. அங்கிலிக்கன், மெதடிஸ்தர் போல வேறு சபையில் திருமுழுக்குப் பெற்றவர் என்றால் அனுமதி போதும். இரண்டுக்கும் விண்ணப்பம் பங்குத்தந்தை மூலமாகத்தான் போகும். கத்தோலிக்கத் தரப்பு, என் விசுவாசத்தை விட மாட்டேன், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் ஆனதைச் செய்வேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டும். மற்றவர் கையெழுத்துப் போட்டு வாக்குக் கொடுக்கத் தேவையில்லை, ஆனால் இப்படி ஒரு வாக்கு இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதை மாப்பிள்ளை வீட்டாருக்கு மறைத்துவிட்டுப் பிறகு பேரப்பிள்ளை பிறந்ததும் சண்டை பிடிக்கிற குடும்பங்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். இப்படியான திருமணம் பூசை இல்லாமல் வாசகம், செபம், வாக்குறுதி என்று நடக்கும்.

காலையில் பிள்ளையார் கோவிலில் தாலி கட்டி, பின்னேரம் மாதா கோவிலில் மோதிரம் மாற்றி இரு வீட்டையும் சமாளிப்போம் என்பது பலருடைய திட்டம். அது சரிவராது. ஒரே சம்மதத்தை இரண்டு சமயச் சடங்கில் இரண்டு தடவை கொடுப்பதைச் சட்டம் தடுக்கிறது. சைவக் கோவிலில்தான் கட்டியாக வேண்டும் என்ற கட்டாயம் வந்தாலும் ஆயரிடம் கேட்க வழி உண்டு, ஆனால் அது கடைசி மாதத்தில் கேட்கிற விசயம் இல்லை. தாலியும் கூறையும் பிரச்சினையே இல்லை. நம்முடைய கோவில்களிலேயே பாதர் தாலியை ஆசீர்வதித்துக் கொடுக்கத்தான் கட்டுகிறோம்.

அரசாங்க எழுத்து, அதாவது பதிவுத் திருமணம், வேறு விசயம். விவாகப் பதிவாளருக்கு முன்கூட்டியே அறிவித்தல் கொடுத்து, அன்றைக்கே கோவிலில் கையெழுத்து வைப்பதா அல்லது முன்பே எழுதுவதா என்று பாதரோடு கதைத்து முடிவெடுங்கள். விசாவுக்காக எழுத்து மட்டும் முடித்துவிட்டுக் கோவில் கலியாணத்தைப் பிறகு வைக்கிறவர்கள், திருச்சபையின் பார்வையில் அதுவரை கட்டாதவர்கள்தான். எழுத்தோடேயே பத்து வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்களும் போய்ச் சொன்னால், ஆர்ப்பாட்டம் இல்லாமல் இரண்டு சாட்சிகளோடு ஒரு சின்னச் சடங்கில் அதைச் சரிப்படுத்திவிடலாம். பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுக்க அது தானாகவே தடை ஆகாது, ஆனால் பெற்றோர் நற்கருணை பெற முதலில் இதைச் சரிப்படுத்த வேண்டும். நீதிமன்ற விவாகரத்து எடுத்தவர் மறுபடி கோவிலில் கட்ட, அந்த முதல் திருமணம் செல்லாதது என்று மறைமாவட்டத் தீர்ப்பாயம் சொல்ல வேண்டும். அதற்கும் முதல் படி பங்குத்தந்தைதான்.

நோயில்பூசுதல்

பாதரைக் கூப்பிட்டால் அப்பா பயந்துவிடுவார், இனி முடிந்தது என்று நினைப்பார் என்று சொல்லிச் சொல்லியே, மூச்சு நின்ற பிறகு போன் எடுப்பார்கள். இது சாகிறவருக்கு மட்டுமான சாதனம் இல்லை. பாரதூரமான நோய், பெரிய சத்திரசிகிச்சை, வயதால் உடம்பு தளர்ந்த நிலை, எதற்கும் பெறலாம். தேறி மறுபடி விழுந்தாலோ அதே நோய் கடுமையானாலோ மறுபடியும் பெறலாம். இறந்தவருக்குக் கொடுப்பதில்லை. உயிர் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் இருந்தால் கொடுப்பார்கள், ஆகவே பிந்திவிட்டது என்று நீங்களாகத் தீர்மானித்து இருந்துவிடாதீர்கள்.

வீட்டில் என்றால் கட்டில் பக்கத்தில் ஒரு சின்ன மேசை, வெள்ளைத் துணி, சிலுவை, ஒரு மெழுகுதிரி, ஒரு குவளை தண்ணீர் போதும். தொலைக்காட்சியை நிறுத்துங்கள். நோயாளி பாவசங்கீர்த்தனம் செய்ய விரும்பினால் எல்லோரும் அறையை விட்டு வெளியே வர வேண்டும், பாசத்தில் வாசலில் நின்று காது கொடுக்கவும் கூடாது. நெற்றியிலும் இரு கையிலும் எண்ணெய் பூசுவார், விழுங்க முடிந்தால் நற்கருணை கொடுப்பார். விழுங்கக் கஷ்டம் என்றால் சின்னத் துண்டு போதும், முன்பே சொல்லுங்கள்.

தேசிய வைத்தியசாலையிலோ மகரகம புற்றுநோய் வைத்தியசாலையிலோ இருந்தால் வார்ட்டில் உள்ள தாதியிடம் கத்தோலிக்கர் என்று சொல்லி, வைத்தியசாலைக்குப் பொறுப்பான பாதர் யார் என்று கேளுங்கள், அதோடு உங்கள் பங்குத்தந்தைக்கும் சொல்லுங்கள். வார்ட் இலக்கம், கட்டில் இலக்கம், பார்வையிடும் நேரம் மூன்றையும் ஒரே செய்தியில் அனுப்பினால் அவர் வந்து அலைய மாட்டார். ஐசியு என்றால் பொறுப்பான தாதியிடம் முன்னாலேயே அனுமதி கேட்டு வையுங்கள். இரவு இரண்டு மணிக்குப் பாதருக்குப் போன் எடுக்கத் தயங்கவும் வேண்டாம். 1697இல் கண்டியில் அம்மை பரவியபோது மற்றவர்கள் ஓட, யோசேப்பு வாஸ் அடிகளார் நோயாளிகளோடு நின்று பணிவிடை செய்தவர். அவரை 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக்கினார். அவர் பணி செய்த இந்த நாட்டுப் பாதர்மார் போன் அடித்தால் எழும்புவார்கள்.

குருத்துவம் கடைசியில், ஏனென்றால் அதற்கு விண்ணப்பப் படிவம் நிரப்புவது போல ஒரு வழி இல்லை. மகன் குருவாகப் போகிறேன் என்றால் பங்குத்தந்தையிடம் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் மறைமாவட்டத்தில் அழைத்தலுக்குப் பொறுப்பானவரிடம் அனுப்புவார். மெய்யியலும் இறையியலும் படிக்க வருடக்கணக்காகும், கண்டி அம்பிட்டியவிலோ யாழ்ப்பாணம் கொழும்புத்துறையிலோ படிப்பு. 25 வயதுக்கு முன் குருவாக முடியாது. திருநிலைப்படுத்த முன்னால் இதற்கும் பங்கில் அறிவித்தல் வாசிப்பார்கள்.

காசு எவ்வளவு கொடுப்பது என்று எல்லோரும் காதுக்குள் கேட்பார்கள், ஆகவே வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். திருவருட்சாதனத்துக்கு விலை இல்லை. ஆயர்கள் நிர்ணயித்த காணிக்கை உண்டு, அதற்கு மேல் கேட்கக் கூடாது, இல்லாதவருக்குக் காசில்லை என்று மறுக்கவும் கூடாது என்பது திருச்சபைச் சட்டத்தின் 848ஆம் இலக்கம். பாவசங்கீர்த்தனத்துக்கும் நோயில்பூசுதலுக்கும் காசைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், தூரத்திலிருந்து வந்த பாதருக்கு ஓட்டோக் காசு கொடுப்பது நம் மரியாதை. கலியாணத்தில் பூ அலங்காரம், பாடகர் குழு, மின்சாரம், ஒலிபெருக்கி என்று வருவது வேறு கணக்கு. அது எதற்கு எவ்வளவு என்று பங்கு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டும் வாங்குங்கள்.